உறைகரு தானம் பெற்றுக் குழந்தை பெறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.வி.எஃப். எனப்படும் சோதனைக் குழாய்ச் சிகிச்சையின்போது ஒரு தம்பதிக்கு உருவான கருக்களில், அவர்கள் பயன்படுத்தியது போக மீந்தவற்றை உறைநிலையிலேயே வேறொரு தம்பதிக்குக் கொடுக்கலாம். பெற்றுக்கொண்ட பெண் அதைத் தன் வயிற்றில் சுமந்து பெற்றெடுக்கிறாள். இம்முறை கால் நூற்றாண்டுக்கு மேலாக வெளிப்படையாக நடந்துவரும் நாடு அமெரிக்கா என்பதால், கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அங்குள்ள நடைமுறையைச் சார்ந்தவை. இந்தியச் சட்டம் வேறு. அதற்கெனத் தனிப் பதில் உண்டு.

கருக்கள் ஏன் மீந்துபோகின்றன?

ஒரு சுழற்சியில் ஊசி மருந்து கொடுத்துப் பத்துப் பதினைந்து கருமுட்டைகள் வரை எடுப்பார்கள். அவற்றில் சில கருவுறும். கருவுற்றவற்றில் சில ஐந்தாம் நாள் வரை வளர்ந்து, பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும் நிலையை எட்டும். ஒன்றைக் கருப்பையில் வைத்துவிட்டு மற்றவற்றை உறையவைப்பதே இன்றைய வழக்கம். முதல் குழந்தையோ இரண்டாவது குழந்தையோ பிறந்து குடும்பம் நிறைவடைந்த பின்னும் மூன்று, நான்கு கருக்கள் திரவ நைட்ரஜன் தொட்டியிலேயே இருக்கும். ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணத்துக்கான பில் வரும். கட்டணம் செலுத்திக்கொண்டே இருப்பது, உருக்கி அப்புறப்படுத்துவது, ஆராய்ச்சிக்குக் கொடுப்பது, இன்னொரு தம்பதிக்குக் கொடுப்பது என்ற நான்கே வழிகள்தாம் அவர்கள் முன் இருக்கின்றன. எதையும் முடிவு செய்ய மனம் வராமல் பணம் கட்டிக்கொண்டே காலம் தள்ளுவோர் பலர்.

உறையவைத்த கரு எத்தனை ஆண்டுகள் தாங்கும்?

திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் உயிரணுவுக்குள் எந்த வேதிவினையும் நடப்பதில்லை என்பதால், கருவுக்கு வயது கூடுவதே இல்லை. ஆபத்து இருப்பது உறையவைக்கும்போதும் உருக்கும்போதுமே. பழைய மெதுவான முறையில் உயிரணுவுக்குள் பனிப்படிகம் உருவாகி அதன் சவ்வைக் கிழித்துவிடும் வாய்ப்பு அதிகம். இப்போதுள்ள விட்ரிஃபிகேஷன் முறையில் நீர் படிகமாவதற்கு நேரமே கிடைக்காமல் நொடிப்பொழுதில் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. ஆகவே உருக்கும்போது பெரும்பாலான கருக்கள் பிழைத்துக்கொள்கின்றன.

2022 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அக்கருக்கள் 1992 ஏப்ரலில் உறையவைக்கப்பட்டவை. அப்போது, அவற்றைப் பின்னாளில் தானமாகப் பெற்ற தந்தைக்கு ஐந்து வயது. 2025 ஜூலையில் ஒஹையோவில் பிறந்த ஆண் குழந்தையின் கருவோ 1994-இல் உருவானது.

இந்த வரலாற்றின் தொடக்கம் மெல்பர்ன் என்றுதான் பலரும் எழுதுவார்கள், 1984-இல் அங்கே உறைகருவிலிருந்து ஒரு பெண் குழந்தை பிறந்ததால். ஆனால் 1978 அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் பிறந்த துர்காவும் உறையவைத்து உருக்கிய கருவிலிருந்து வந்தவரே. மாநில அரசு அமைத்த குழு டாக்டரை நம்ப மறுத்தது. 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பல ஆண்டுகள் கழித்து அவருடைய குறிப்புகளை ஆராய்ந்து அவருக்குரிய இடத்தைப் பெற்றுக்கொடுத்தவர் டி.சி. ஆனந்த குமார், அதுவரை இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் என்ற பெருமை ஆனந்த குமாருக்கே இருந்தது.

இதைக் 'கருத் தத்து' என்பதா, 'கரு தானம்' என்பதா?

அமெரிக்காவில் இரண்டு சொற்களும் வழங்குகின்றன. எதைச் சொல்கிறார்கள் என்பதைக் கொண்டே பேசுபவரின் நிலைப்பாட்டை ஊகித்துவிடலாம். 1997-இல் கலிஃபோர்னியாவில் நைட்லைட் என்ற கிறிஸ்தவத் தத்து நிறுவனம் 'ஸ்னோஃப்ளேக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கரு என்பது ஏற்கெனவே ஒரு குழந்தையே என்பது அவர்கள் கொள்கை. ஆகவே பிறந்த குழந்தையைத் தத்தெடுக்கும்போது நடப்பதைப் போலவே சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பதும், இரு குடும்பங்களும் ஒன்றையொன்று தேர்ந்தெடுப்பதும் அங்கே உண்டு. அத்திட்டத்தின் முதல் குழந்தை 1998-ஆம் ஆண்டின் கடைசி நாளில் பிறந்தது. மாறாக, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 'தத்து' என்ற சொல் தவறான எண்ணத்தைத் தரும் என்று கூறி 'தானம்' என்பதையே கையாளுகிறது.

சட்டத்தைப் பார்த்தால் சங்கத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் கரு கைமாறுவது ஒப்பந்தத்தின் வழியாகவே. தத்துச் சட்டத்தின் வழியாக அன்று. (ஜார்ஜியா மாநிலம் 2009-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது, அது விதிவிலக்கு.) இப்பக்கமும் 'தானம்' என்றே எழுதுகிறது. ஆனால் தானம் என்றால் கொடுத்தவுடன் மறந்துவிட வேண்டும் என்று நம்மிடையே ஒரு பொருள் படிந்திருக்கிறது. அந்தப் பொருள் இங்கே பொருந்தாது.

தமிழ்நாட்டில் இப்படிக் கரு தானம் பெற முடியுமா?

ஒரு தம்பதியின் மீந்த கருவை இன்னொரு தம்பதி பெறுவதற்கு இந்தியச் சட்டம் இடம் தரவில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021-இன் 29-ஆம் பிரிவு, கருமுட்டை, விந்தணு, கரு ஆகியவற்றை நாட்டுக்குள்ளோ வெளியிலோ எவருக்கும் விற்பதையும் கைமாற்றுவதையும் தடை செய்கிறது. தம்முடைய கருவைத் தாமே பயன்படுத்துவதற்காக, தேசிய வாரியத்தின் அனுமதியோடு எடுத்துச்செல்வது மட்டுமே விலக்கு. 28-ஆம் பிரிவின்படி கருவைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேமித்துவைக்கக் கூடாது. அதன்பின் அழியவிட வேண்டும், அல்லது உரியவர்களின் சம்மதத்தோடு பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். இன்னொரு தம்பதிக்குக் கொடுப்பது என்ற நான்காவது வழி அந்தப் பிரிவில் இல்லை.

அப்படியானால் சில மையங்களில் 'எம்ப்ரியோ அடாப்ஷன்' என்று சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே பொதுவாக நடப்பது இரட்டை தானம்: தானங்களைச் சேகரிக்கும் வங்கியின் மூலம் பெற்ற கருமுட்டையையும் விந்தணுவையும் சேர்த்து உங்களுக்கென்றே புதிதாகக் கரு உருவாக்குவது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு. மையத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "இந்தக் கரு எங்களுக்காக உருவாக்கப்படுவதா, வேறு யாருக்கோ உருவாக்கியதில் மீந்ததா?" என்று நேரடியாகக் கேட்டு, பதிலைச் சம்மதப் படிவத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். இச்சட்டத்தின்படி சிகிச்சை பெறும் மனைவிக்கு 50 வயதுக்குள்ளும் கணவருக்கு 55 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

கருமுட்டை எடுக்கும் கட்டமே இல்லை என்பதால், ஐ.வி.எஃப். பல முறை செய்து களைத்தவர்களுக்கு இது எளிதாகவே தோன்றும். மாதவிலக்கின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுப்பார்கள். ஸ்கேனில் கருப்பையின் உட்படலம் 7 அல்லது 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். ஐந்து நாள் புரொஜெஸ்டிரோன் சென்றபின் ஆறாம் நாள் ஐந்து நாள் வயதுக் கருவை வைப்பார்கள்; கருவின் நாளும் உட்படலத்தின் நாளும் ஒத்துப்போக வேண்டும் என்பதே கணக்கு.

அன்று காலையில்தான் கருவை உருக்குவார்கள். சுருங்கிக் கிடந்த கரு, வெதுவெதுப்பான கரைசலில் ஓரிரு மணி நேரத்தில் மெல்ல மெல்ல நீரை உறிஞ்சி உப்புவதை ஆய்வகத்தினர் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உப்பினால் நல்ல அறிகுறி. உங்களுக்கு மயக்க மருந்து தேவையில்லை. சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்க வேண்டும். மெல்லிய குழாயின் நுனியிலிருந்து ஒரு துளி வெளிவருவது ஸ்கேன் திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஐந்து நிமிட வேலை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. அந்தப் பத்து நாளைத்தான் யாராலும் எளிதாகக் கழிக்க முடிவதில்லை.

உருக்கிய கரு எல்லாமே பயன்படும் என்று எண்ண வேண்டாம். மேலே சொன்ன ஒஹையோ தம்பதிக்கு மூன்று கருக்கள் கிடைத்தன. மூன்றும் உருக்கலில் பிழைத்தன, ஒன்று வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது, இரண்டைக் கருப்பையில் வைத்தார்கள், ஒன்றுதான் குழந்தையாயிற்று.

வெற்றி வாய்ப்பு எவ்வளவு? எனக்கு 43 வயது ஆகிறது.

வாய்ப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது உங்கள் வயது அன்று. கருமுட்டை எடுக்கப்பட்ட அன்று அதைக் கொடுத்த பெண்ணுக்கு இருந்த வயது. 29 வயதுப் பெண்ணின் கருமுட்டையிலிருந்து வந்த கரு, இருபது ஆண்டு உறைந்திருந்தாலும் 29 வயதுக் கருதான். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி 2000-இல் தானக் கருவை வைக்கும் சிகிச்சை 332 முறை நடந்தது. 2013-இல் 1,084 முறை. அதே காலத்தில், உயிருடன் குழந்தை பிறந்த விகிதம் நூற்றுக்குச் சுமார் 27-லிருந்து 41 ஆக உயர்ந்தது. ஒரு முயற்சியில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கிட்டவில்லை என்பதும் அதே கணக்கில் அடக்கம்.

கர்ப்ப காலத்தில் தனிக் கவனம் ஏதும் தேவையா?

தேவை. பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் 'ஐ.வி.எஃப். கர்ப்பம்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. தானக் கரு என்பதைச் சொல்லக் கூச்சம். இந்த ஓர் இடத்தில் கூச்சம் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

டவுன் சிண்ட்ரோம் அபாயத்தைக் கணக்கிடும் படிவத்தில் 'தாயின் வயது' என்றொரு கட்டம் இருக்கும். அதில் எழுத வேண்டியது, கருமுட்டை எடுத்தபோது அதைக் கொடுத்தவருக்கு இருந்த வயது. 42 வயதுத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்த அபாயம் ஏறத்தாழ 65-இல் ஒன்று. 29 வயதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. தவறான வயதை எழுதினால், தேவையில்லாமல் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை வரை போய் நிற்க நேரும்.

ரத்த வகை அடுத்தது. நீங்களும் கணவரும் ஆர்எச் நெகட்டிவாக இருந்தால், குழந்தையும் நெகட்டிவ்தான் என்று கருதி, குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் செயல்படாமல் தடுக்கும் 'ஆன்டி-டி' ஊசி தேவையில்லை என்று விட்டுவிடுவது வழக்கம். தானக் கரு பாசிட்டிவாக இருக்கலாம். அப்படியானால் 28-ஆம் வாரத்திலும், பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் அந்த ஊசி வேண்டும். விட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து.

மூன்றாவது, உயர் ரத்த அழுத்தம். வயிற்றில் இருக்கும் கருவின் மரபணுவில் பாதிகூடத் தாயுடையது அன்று என்பதால், வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய பிரி-எக்ளாம்ப்சியா இத்தகைய கர்ப்பங்களில் சற்றுக் கூடுதலாகவே வருகிறது. மாதாந்திரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் பார்ப்பதை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

குழந்தை யாரைப் போல இருக்கும்?

மரபணு முழுவதும் கொடுத்த தம்பதியுடையது. முகம், நிறம், உயரம் அங்கிருந்து வரும். கருப்பைச் சூழல், தாயின் உணவு, ஆரோக்கியம் ஆகியவை மரபணுக்கள் எப்படிச் செயல்படுகின்றன என்பதில் ஓரளவு செல்வாக்குச் செலுத்தும் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு 'உங்கள் சாயலும் வந்துவிடும்' என்று உறுதி கூறுபவர்களை நம்ப வேண்டாம்.

எங்கள் சாதியிலேயே, கோத்திரம் பார்த்துக் கரு கிடைக்குமா?

கிடைக்கும் கருக்களே குறைவு. அமெரிக்காவில் தெற்காசியத் தம்பதிகள் கொடுத்தவை அவற்றிலும் மிகக் குறைவு. கருவைத் தேடும்போது பார்க்க வேண்டியது கொடுத்தவர்களின் குடும்பத்தில் தலசீமியா, அரிவாள் உயிரணு சோகை போன்ற பரம்பரை நோய்கள் உண்டா என்பதையே. சாதிக்கென்று தனி மரபணு எதையும் எந்த ஆய்வகமும் கண்டுபிடித்துத் தர முடியாது.

கத்தோலிக்கர்கள் கேட்பதுண்டு: 2008-இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம் இதற்குப் பின்னால் உள்ள நல்ல நோக்கத்தைப் பாராட்டினாலும், முறையை ஏற்கவில்லை.

சட்டப்படி பெற்றோர் யார்?

பிரிட்டனில் சந்தேகத்துக்கே இடமில்லை: சுமந்து பெற்றவளே தாய். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்பே இரு தரப்பும் தனித்தனி வழக்கறிஞரை வைத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்வதே முறை. எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள், எங்கே பிரசவம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

செலவு எப்படி?

கருவுக்கு விலை கிடையாது; கொடுப்பவர்கள் பணம் வாங்குவதில்லை. சேமிப்பு, அனுப்புதல், ரத்தப் பரிசோதனை, சிகிச்சை, வழக்கறிஞர் ஆகியோருக்கான செலவு பெறுபவர்களைச் சேரும். புதிதாக ஐ.வி.எஃப். செய்வதைவிடவும் கருமுட்டை தானம் பெறுவதைவிடவும் பொதுவாகக் குறைவு. விலையே சொல்லிக் கருவைத் தருவதாக ஒருவர் வந்தால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கொடுத்தவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? தெரியாமல் இருப்பது நல்லதல்லவா?

முன்பு பெரும்பாலும் மறைவாகவே நடந்தது. இன்று அந்த மறைவு காகிதத்தில் மட்டுமே நிற்கிறது. எச்சிலை ஒரு குப்பியில் துப்பி அனுப்பினால் உறவினர் பட்டியல் வந்துவிடும் டி.என்.ஏ. பரிசோதனைகள் வந்தபின், கொடுத்தவர்கள் பரிசோதனை செய்யாவிட்டாலும் அவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் செய்தால் போதும். பிரிட்டனில் 2005 ஏப்ரல் முதல் கொடுக்கப்பட்ட தானத்தின் வழியாகப் பிறந்தவர்கள் 18 வயதில் கொடுத்தவரின் அடையாளத்தைக் கேட்டுப் பெறலாம்.

கரு தானத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கருமுட்டையோ விந்தணுவோ கொடுத்தவரின் பிள்ளைகள் உங்கள் குழந்தைக்குப் பாதி உறவு. கருவைக் கொடுத்த தம்பதியின் பிள்ளைகளோ, அவர்கள் தங்கள் கருமுட்டையையும் விந்தணுவையுமே பயன்படுத்தியிருந்தால், உங்கள் குழந்தைக்கு முழு உடன்பிறப்புகள். ஒஹையோ குழந்தை பிறந்தபோது அதே தொகுதியில் உருவான அதன் அக்காவுக்கு 30 வயது. கருவைக் கொடுத்த அம்மா, யார் பெறுகிறார்கள் என்று தமக்குத் தெரிய வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தே கொடுத்தார். வாரந்தோறும் போய்வரும் உறவாக இருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு புகைப்படம், மருத்துவச் செய்தி ஏதேனும் தெரியவந்தால் ஒரு கடிதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும் போதும். கொடுத்தவருக்கு 50 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தால், அந்தச் செய்தி உங்கள் மகளுக்குத் தேவைப்படும்.

குழந்தையிடம் எப்போது சொல்வது?

பேச்சு புரியத் தொடங்கும் முன்பே சொல்லப் பழகிவிடுங்கள். குழந்தைக்காக மட்டும் அன்று. உங்கள் நாக்கு பழகுவதற்காகவும். மூன்று வயதில் கதையாகக் கேட்ட குழந்தைக்கு, அது தெரியவந்த நாள் என்று தனியாக ஒன்று நினைவில் நிற்பதில்லை. பதினாறு வயதில் உட்காரவைத்துச் சொன்னால் அந்த நாற்காலிகூட நினைவில் நிற்கும்.

நம் வீடுகளில் குறும்பு செய்யும் பிள்ளையிடம் 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று கேலி செய்வது வழக்கம். அத்தையும் சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உண்மை தெரியாத குழந்தை இருக்கும் வீட்டில் அந்தச் சிரிப்பின்போது உங்கள் முகம் மாறும்; குழந்தை அதைப் பார்க்கும். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ரத்த வகை பற்றிப் படித்துவிட்டு, "அம்மா ஓ, அப்பா ஓ, நான் மட்டும் எப்படி பி?" என்று கேட்கவும் கூடும்.

சொல்ல நீண்ட உரை எதுவும் வேண்டாம். "உன்னை வளர்க்க ஒரு சின்ன விதை எங்களிடம் இல்லை, இன்னொரு அம்மாவும் அப்பாவும் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள், நீ என் வயிற்றில்தான் வளர்ந்தாய்" என்பது மூன்று வயதுக்குப் போதும். மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் குழந்தைக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

நாங்கள் எங்கள் கருக்களைக் கொடுக்க நினைக்கிறோம். எதை முதலில் செய்ய வேண்டும்?

கணவனும் மனைவியும் தனித்தனியாக மனநல ஆலோசகரைப் பாருங்கள். ஒருவர் மட்டும் தயாராக இருக்கும் தானம் பின்னால் தொல்லை தரும். உங்கள் சொந்தத் தேவைக்கென உருவாக்கிய கரு என்பதால் அப்போது தானத்துக்குரிய பரிசோதனைகள் செய்திருக்க மாட்டார்கள்; எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி போன்றவற்றுக்கு இப்போது ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.

கொடுக்காவிட்டாலும் எழுதிவையுங்கள். 1981-இல் மெல்பர்னில் சிகிச்சை பெற்ற, லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ரியோஸ் தம்பதி 1983-இல் சிலியில் நடந்த விமான விபத்தில் இறந்தார்கள். இரண்டு உறைகருக்கள் மிஞ்சின. அவற்றை என்ன செய்வது என்று அவர்கள் எழுதிவைக்கவில்லை. சொத்துக்கு வாரிசா, அழிப்பதா, இன்னொருவருக்குக் கொடுப்பதா என்று மருத்துவமனையும் அரசும் உலகப் பத்திரிகைகளும் வாதிட்டன. விக்டோரியா மாநிலச் சட்டமன்றம் வரை அது போயிற்று. மரணம், மணமுறிவு, கட்டணம் செலுத்தாமை ஆகிய மூன்றுக்கும் என்ன செய்வது என்று சம்மதப் படிவத்தில் இருக்கும் கட்டங்களை வெறுமையாக விட வேண்டாம்.

தானமாகப் பெற்ற கருக்களில் எங்களுக்கும் சில மீந்துவிட்டால்?

மூன்று பெற்று, முதலாவதிலேயே குழந்தை பிறந்து, இன்னொன்று வேண்டாம் என்று முடிவு செய்பவர்கள் உண்டு. அக்கருக்களை நீங்களாக மூன்றாவது தம்பதிக்குக் கொடுக்கலாமா, முதலில் கொடுத்தவர்களிடம் முடிவைத் திருப்பிவிட வேண்டுமா என்பதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். திருப்பிக் கொடுப்பது என்று எழுதுவதே நல்லது என்பது இப்பக்கத்தை எழுதுபவரின் கருத்து. தங்கள் பிள்ளைகளின் முழு உடன்பிறப்புகள் எத்தனை வீடுகளில் வளர்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதுவரை சேமிப்புக் கட்டணத்துக்கான பில் யார் பெயருக்கு வரும் என்பதையும் அதே பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். வீடு மாறினால் மையத்துக்குப் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டியவரும் அவரே.